செத்த சிப்பைச் சுற்றிப் போனவன்

அத்தியாயம் ஒன்பது

முன்பெல்லாம் திருடன் என்றால் ஓடுவான். ஓடத் தெரியாதவன் ஒளிந்துகொள்வான். இப்போது அப்படியா? கோட்டு மாட்டிக்கொண்டு மேடை ஏறுகிறான். பறிகொடுத்தவன் மூலையில் நிற்க, பறித்தவனுக்குக் கேக் வெட்டுகிறார்கள். ஊரே கை தட்டுகிறது. தட்டுவதற்கு முன்னால் எவனாவது ஒரு கேள்வி கேட்கிறானா என்றால், கிடையாது. கேட்கிறவனைத்தான் கிறுக்கனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

ஆர்வில் ஸ்டானெக் இதை மனதுக்குள் நினைக்கவில்லை. வாய்விட்டே சொன்னார். ஒஹாயோவில் ஒரு பொருட்காட்சி மைதானத்தில், வருஷா வருஷம் பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கிற தகரக் கொட்டகையின் வாசலில் நின்றுகொண்டு சொன்னார்.

"பன்னிக்காவது எடை போட்டுப் பாத்துட்டுத்தான் ரிப்பன் குத்துவாங்க, பாஸ்" என்றாள் லோர்னா.

லோர்னா பிக்ஸ் அவருடைய உதவியாளர். உதவியைவிட வாய் அதிகம். ஆர்வில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பாதி ஆயுளுக்குப் பழுதான கார்களை இழுத்துப் போகிற லாரி ஓட்டினார். அதில் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: 'வண்டி தானா நின்னுடுச்சு' என்று சொல்கிற எவனையும் நம்பாதே. அந்த ஒரு பாடத்தை மூலதனமாகப் போட்டுத்தான் துப்பறியும் கடையைத் திறந்தார்.

கொட்டகைக்குள் பழைய கம்ப்யூட்டர் பிரியர்களின் கிளப் நடத்துகிற திருவிழா. மடக்கு மேஜைகள், வயர்ச் சுருள்கள், நரைத்த தாடிகள். மேடைக்கு மேலே பெரிய பேனர்: 'ரூஸ்ட்டின் தந்தை கிளேட்டன் ஸ்லோனுக்கு வாழ்நாள் விருது. மாலை மூன்று மணி.'

அந்த பேனரைப் பார்த்துக்கொண்டே நின்றாள் அவர்களுடைய கட்சிக்காரி ஆர்டித் ஹச்சின்ஸ். எழுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. கையில் 'ஆப்பிள் பை' என்கிற பலகாரம் எடுத்துப் போகிற தகர டப்பா. அதற்குள் பலகாரம் இல்லை. அவள் புருஷன் மெர்ல் வைத்திருந்த கம்ப்யூட்டர் இருந்தது. பெட்டி கிட்டி எதுவும் கிடையாது. மொத்த எந்திரமும் ஒரே பச்சைப் பலகை. பெயர் ஹெரான். எழுபத்தெட்டாம் வருஷத்துச் சரக்கு.

"ரூஸ்ட்டை எழுதினது எங்க மெர்ல்" என்றாள் ஆர்டித், வந்ததிலிருந்து நான்காவது தடவையாக. "எங்க சமையலறை மேஜையில உக்காந்து எழுதினார். முடிச்சதும், கலிபோர்னியா போயிருந்த கிளேட்டனுக்கு ஒரு கேசட் அனுப்பினார். பாத்துட்டு அபிப்பிராயம் சொல்லுன்னு. கூட்டாளியாச்சே! அவன் தன் பேரைப் போட்டு வித்துட்டான். அதோட விட்டானா? இதே கிளப்புக்கு வந்து, மெர்ல்தான் என்கிட்ட திருடிட்டான்னு எல்லார் முன்னாடியும் சொன்னான். அத்தனை பேரும் நம்பினாங்க. எங்க மெர்ல் அப்புறம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல. டயர் பாக்டரில ராத்திரி ஷிப்ட் பாத்தே போய்ச் சேர்ந்தார். போன குளிர்காலத்துல அடக்கம் பண்ணப்போ, கல்லறைகிட்ட ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட சொல்றான், 'பாவம், அந்தத் திருட்டு விவகாரம்'னு. என் காதுபட சொன்னான்."

"உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க" என்றார் ஆர்வில்.

"அவன் கேக்கு தொண்டையில சிக்கணும்."

இதுவரை பார்த்த கட்சிக்காரர்களில் உண்மை பேசியவள் இவள் ஒருத்திதான் என்று ஆர்வில் நினைத்தார். ஆனாலும் நம்பவில்லை. நம்புவது அவர் வேலை இல்லை.

*

பழுது பார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் டுவைட் யோடர். கிளப்பின் தலைவரும் அவர்தான், மெக்கானிக்கும் அவர்தான். மார்பு வரை தாடி, நெற்றியில் பூதக்கண்ணாடி. மெர்லுடைய பலகையை டப்பாவிலிருந்து எடுத்தபோது பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போலத்தான் எடுத்தார்.

"இதுல அந்த ரூஸ்ட்டை ஓட வையுங்க" என்றார் ஆர்வில். "ஓடுதா இல்லையான்னு மட்டும் பாக்கணும்."

"ரூஸ்ட்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

லோர்னா குறுக்கே விழுந்தாள். "ஆபரேட்டிங் சிஸ்டம், பாஸ். வீட்டுல முதல்ல எந்திரிச்சு விளக்கைப் போட்டு, காபி வெச்சு, மத்தவங்களை எழுப்பி விடுற ஆள் மாதிரி. அது எந்திரிக்கலைன்னா மெஷின் வெறும் தகரம். உங்க வீட்டுல அப்படி ஒரு ஆள் இல்ல, அதான் நீங்க இப்படி இருக்கீங்க."

யோடர் ஒரு பழைய டிவியையும் கீபோர்டையும் இணைத்து மின்சாரம் கொடுத்தார். டிவியில் ஒரு புள்ளி மின்னியது. ஆர்டித் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யோடர் ஒரு விளையாட்டுக் கேசட்டைப் போட்டார். திரையில் கோழி கிளறிய மாதிரி எழுத்துகள் ஓடி, அப்படியே உறைந்துபோயின. இன்னொரு கேசட். அதுவும் படுத்தது. மூன்றாவது பாதி வழியில் செத்தது.

யோடர் மெமரியைச் சோதிக்கிற ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மெமரி வரிசையில ஒரு சிப் செத்துக் கிடக்கு. அந்த இடத்துல எதை எழுதினாலும் குப்பையாத்தான் திரும்பி வரும். இதுல எந்த புரோகிராமும் ஓடாதுங்க. மன்னிச்சுக்கங்க, மிஸஸ் ஹச்சின்ஸ்."

ஆர்டித்தின் முகம் சுருங்கியது.

"நான் கேட்டதை இன்னும் போடலியே" என்றார் ஆர்வில்.

"அதுவும் ஓடாது, மிஸ்டர்."

"ஓடாதுங்கிறதை நான் கண்ணால பாக்கணும்."

யோடர் பெருமூச்சு விட்டுக்கொண்டே கிளேட்டன் கையெழுத்துப் போட்டு விற்கிற ரூஸ்ட் கேசட்டை எடுத்துப் போட்டார். கேசட் கீச்சிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். லோர்னா மட்டும் கடலை வெண்ணெய் மிட்டாயை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

திரை சுத்தமாக அழிந்தது. மேலே 'ரூஸ்ட்' என்று வந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம், 'சொல்லு, கேட்கிறேன்' என்பது போலக் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

யோடர் ஒரு கட்டளை தட்டினார். பதில் வந்தது. இன்னொன்று. அதற்கும் பதில். நெற்றிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "கர்த்தரே! இது எப்படிங்க? செத்த சிப் செத்தபடியே இருக்கு. இது மட்டும் ஓடுது!"

"நல்ல புரோகிராம் போல" என்றாள் லோர்னா.

"நல்லதா கெட்டதாங்கிறது வேற" என்றார் ஆர்வில். பார்வை திரையை விட்டு அகலவில்லை. "என் வீட்டு வாசப்படில மூணாவது பலகை உளுத்துப் போச்சு. வர்றவன் எல்லாம் அதுல கால் விடுவான். நீ விட்டே."

"ரெண்டு தடவை. நஷ்ட ஈடு இன்னும் வரல."

"தபால்காரன் விடமாட்டான். இருட்டுல வந்தாலும் ரெண்டாவதுலேர்ந்து நாலாவதுக்குத் தாண்டிருவான். ஏன்? தினம் வந்து பழகின கால்." யோடர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா தாடி, இந்தப் புரோகிராம் அந்தச் செத்த இடத்தை மிதிக்குதா, தாண்டுதா?"

யோடர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். சட்டையில் ஒரு படம்: நீளமான பட்டை, நடுவில் ஒரு ஓட்டை. கீழே 'கிளேட்டன் இடைவெளி' என்று அச்சடித்திருந்தது.

"இது எங்க வட்டாரத்துல ரொம்பப் பிரபலம்ங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ரூஸ்ட் மெமரில நடுவுல ஒரு துண்டை மட்டும் தொடாது. ஏன்னு யாருக்கும் தெரியாது. எதிர்காலத்துக்காக அந்த மேதை ஒதுக்கி வெச்ச இடம்னு சொல்வோம். அதைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினவங்க இருக்காங்க. நானே பேசியிருக்கேன்." விரலைப் பலகையின் மேல் வைத்தார். "அந்த இடைவெளியும் இந்தச் செத்த சிப்பும் ஒரே இடம்ங்க. ஒரு நூல் கூட முன்னே பின்னே இல்ல."

"குழியே இல்லாத ரோட்டுல ஒருத்தன் வளைஞ்சு ஓட்டினா அவன் மேதை இல்ல. குழி இருந்த ரோட்டுல வண்டி ஓட்டினவனைப் பாத்துக் காப்பியடிச்சவன்" என்றார் ஆர்வில்.

ஆர்டித் பலகையைத் தொட்டாள். "அந்தச் சிப்பைச் சாகடிச்சது நான்தான்" என்றாள். "நன்றி செலுத்துற நாள் விருந்துக்கு வான்கோழி வைக்க மேஜை வேணும். கம்பளிச் சாக்ஸோட தரைவிரிப்பு மேல நடந்து போய் மேஜை மேல கிடந்த இந்தப் பலகையைத் தூக்கினேன். விரல் நுனிலேர்ந்து பளிச்சுனு ஒரு பொறி. மெர்ல் போட்ட சத்தத்துல வான்கோழியே எந்திரிச்சு ஓடியிருக்கும். அப்புறம் அவரே சமாதானமாகி, 'பரவால்ல ஆர்டி, நான் அதைச் சுத்திப் போய்க்கறேன்'னார்."

"அது நவம்பர். கிளேட்டன் எப்போ ஊரை விட்டுப் போனான்?"

"ஆகஸ்ட் கடைசில. அந்த வருஷமே. அதுக்கப்புறம் எங்க வாசலை மிதிக்கல."

"முடிஞ்சுது கதை!" என்று லோர்னா கை தட்டினாள்.

"முடியல" என்றார் ஆர்வில். "சிப் எப்போ செத்துச்சுன்னு சொல்றது யாரு? இந்தம்மா ஒருத்தி. அவன் என்ன சொல்வான்? 'அந்தப் பலகை முதல்லேர்ந்தே ஓட்டை, நான் அதுலதான் எழுதினேன்'பான். ஊர் யாரை நம்பும்? கோட்டுப் போட்டவனை நம்பும்."

அவர் பலகையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க, சிப்புகளைப் பலகையோடு பற்றவைத்த சால்டர், வெள்ளீயப் புள்ளிகள். ஒவ்வொன்றும் முத்துக் கோத்த மாதிரி வரிசையாக, ஒரே அளவில்.

"சால்டர் வெச்சது யாரு? மெர்லா?"

யோடருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "மெர்ல் சால்டர் வெச்சா காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கும்ங்க. இது கிளேட்டன் கை. அந்தக் காலத்துல கிளப்புல எல்லாருக்கும் உதிரி பாகமா வர்ற கம்ப்யூட்டரைப் பூட்டிக் குடுத்தவரே அவர்தான். சாப்பாட்டைக் குறை சொன்னாலும் பொறுத்துக்குவார், சால்டரைக் குறை சொன்னா அடிக்க வந்துருவார்."

ஆர்வில் பலகையை மெல்லக் கீழே வைத்தார். அவருடைய மீசை லேசாக அசைந்தது. லோர்னாவுக்கு அந்த அசைவு தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார் என்று அர்த்தம்.

"தாடி, உங்க மேடைக்கு இந்தப் பலகையைக் கொண்டு போகணும்."

*

கிளேட்டன் ஸ்லோன் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். வெள்ளி முடி, நீலக் கோட்டு, சர்ச்சுக்கு வந்தவர் போன்ற புன்னகை. முன்வரிசையில் ஆர்டித்தைப் பார்த்ததும் அந்தப் புன்னகை ஒரு நொடி தடுக்கியது. அப்புறம் சமாளித்துக்கொண்டது.

யோடர் மைக்கில் விஷயத்தைச் சொன்னார். நல்ல மனுஷர், எச்சிலை விழுங்கி விழுங்கிச் சொன்னார். செத்த சிப், இடைவெளி, இரண்டும் ஒரே இடம். மெர்லுடைய பலகையில் ரூஸ்ட் ஓடுவதை எல்லாரும் பார்க்கிற மாதிரி பெரிய திரையில் காட்டினார்.

கிளேட்டன் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுல என்ன அதிசயம், டுவைட்? அந்த வருஷக் கோடையில என் பலகை ரிப்பேர். மெர்ல்கிட்ட இதைக் கடன் வாங்கித்தான் ரூஸ்ட்டை எழுதினேன். அப்பவே சிப் செத்துத்தான் கிடந்துச்சு. அதனால சுத்திப் போனேன். ஆகஸ்ட்ல முடிச்சுட்டு, பலகையைத் திருப்பிக் குடுத்துட்டுக் கிளம்பினேன். கையில பொருள் மாட்டினதும் என் நண்பன் அதைத் தன்னுதுன்னு சொல்லிக்கிட்டான். அதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்." ஆர்டித்தைப் பார்த்துத் தலை சாய்த்தார். "பாவம், அவனுக்கும் கஷ்டம்தான்."

பின்வரிசையில் ஒருவன் கை தட்டினான். பக்கத்தில் இருந்தவன் தட்டினான். பிறகு கொட்டகையே தட்டியது. ஆர்டித் மடியில் இருந்த வெறும் தகர டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்," என்றாள் லோர்னா, முதல் தடவையாக நகைச்சுவை இல்லாமல். "அடிச்சுட்டான்."

ஆர்வில் தொப்பியைக் கையில் எடுத்தார். தோற்றவன் மாதிரி எழுந்தார். மேடைப் படியில் நின்று, மைக்கில் விழுகிற தூரத்தில், யோடரிடம் சலித்துக்கொண்டார்.

"சரி விடுப்பா. சிப் ஆரம்பத்துலேர்ந்தே ஓட்டைன்னு அவரே சொல்றார். எப்படி ஓட்டையாச்சுன்னு இப்பத்தானே புரியுது. சால்டர் வெச்ச லட்சணம் அப்படி. எவனோ காட்டான், பழுக்கக் காய்ச்சின கம்பியை வெச்சு சிப்பைப் பொசுக்கியிருக்கான். கொல்லன் கூட இப்படி வேலை செய்யமாட்டான்."

கிளேட்டனின் கழுத்து சிவந்தது.

"யாருய்யா நீ?"

"கார் இழுக்குறவன். ஆனா ஒரு பொருளைப் பொசுக்கினவன் வேலை பாத்தா எனக்குத் தெரியும்."

"அந்தப் பலகையைப் பூட்டினது நான்!" கிளேட்டன் மைக்கைப் பிடுங்கினார். "பொசுக்கினேனா? என் வாழ்க்கையில ஒரு சிப்பைப் பொசுக்கினது கிடையாது! கலிபோர்னியா கிளம்பின அன்னிக்கு, இதே கிளப்புல, எல்லார் முன்னாடியும் அந்தப் பலகையைச் சோதிச்சுக் காட்டிட்டுத்தான் மெர்ல் கையில குடுத்தேன். மெமரில ஒரு தப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு இல்ல! ரிப்பன் குடுத்தாங்க எனக்கு!"

"சும்மா சொல்லாதீங்க. எவன் பாத்தான்?"

"பாத்தவன் கை தூக்குங்கடா!"

பழைய ஆட்கள் நாலைந்து பேர் கை தூக்கினார்கள். பெருமையாகத்தான் தூக்கினார்கள்; அந்த ரிப்பன் நாள் அவர்களுக்கும் ஞாபகம் இருந்தது. யோடரும் தூக்கினார்.

தூக்கிய கை பாதியில் நின்றது. யோடரின் வாய் மெல்லப் பிளந்தது.

"கிளேட்டன்..." என்றார். "கிளம்பின அன்னிக்கு எல்லாச் சிப்பும் நல்லா இருந்துச்சுன்னா... கோடையில நீங்க எந்தச் செத்த சிப்பைச் சுத்திப் போனீங்க?"

தூக்கிய கைகளை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. அவை அப்படியே காற்றில் நின்றன, சாட்சி சொல்லிக்கொண்டு.

கிளேட்டன் உதட்டை நனைத்தார். "நான்... தேதி கொஞ்சம் முன்னே பின்னே..."

"தேதி அப்படியேதான் இருக்கு" என்றார் ஆர்வில். "சால்டர்ல பொய் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பே. அதுல மட்டும் உனக்குப் பொய் வரல பாரு."

ஆர்டித் எழுந்தாள். டப்பாவை நாற்காலியில் வைத்தாள். அவசரப்படாமல் மேடை ஏறினாள். கிளேட்டன் கையை நீட்டினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஆர்டித், அந்த வயசுல... கலிபோர்னியாவுல கையில ஒண்ணுமில்லாம நின்னேன். நான் மன்னிப்பு..."

"உன் மன்னிப்பை நீயே வெச்சுக்க. அது வேண்டி வரல." கீபோர்டைக் காட்டினாள். "உக்காரு. அவர் பேரை அடி. உன் விரலால அடி. எல்லாரும் பாக்கட்டும்."

"எதுக்கு..."

"அடி."

கிளேட்டன் உட்கார்ந்தார். ஊசி முனையில் முத்துக் கோக்கிற விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி அழுத்தியது. பெரிய திரையில் 'மெர்ல் ஹச்சின்ஸ்' என்று வந்தது. கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

தெரியாத வார்த்தை எதைக் கொடுத்தாலும் ரூஸ்ட்டுக்கு ஒரே பதில்தான். அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். மெர்ல் வைத்த வழக்கம் அது. திரையில் வந்தது:

மெர்ல் ஹச்சின்ஸ்?

"ஆமா" என்றாள் ஆர்டித் அந்தத் திரையைப் பார்த்து. "அவரேதான்." பிறகு கிளேட்டன் பக்கம் குனிந்தாள். "மறுபடி அடி."

கிளேட்டன் அடித்தார். திரை கேட்டது. மறுபடி என்றாள். அடித்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. யோடர்தான் கடைசியில் தாங்கமாட்டாமல் மின்சாரத்தைப் பிடுங்கினார்.

*

கை தட்டல் கொட்டகைக்கு வெளியே வரை கேட்டது. விருதில் பெயரை மாற்றுவதாக யோடர் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கடைக்காரன் அதற்குள் தடித்த பேனாவை எடுத்து 'கிளேட்டன்' என்பதை அடித்துவிட்டு 'மெர்ல்' என்று எழுதி விற்றுக்கொண்டிருந்தான். கடையில் நல்ல கூட்டம்.

"ஜெயிச்சாச்சு, பாஸ். கொஞ்சம் சிரிங்க, மூஞ்சி ஒண்ணும் உடைஞ்சு போயிடாது" என்றாள் லோர்னா. "கேக்கு வேற வெட்டப் போறாங்க. உண்மைக்குக் கை தட்டுறாங்க, கேளுங்க."

"பத்து நிமிஷம் முன்னாடி அவனுக்குத் தட்டினதும் இதே கைதான்."

"இப்போ தெரிஞ்சுக்கிட்டாங்களே?"

"எதைத் தெரிஞ்சுக்கிட்டாங்க? அவன் ஒரு சால்டருக்குக் கோவிச்சுக்காம இருந்திருந்தா, இப்போ அந்தம்மா டப்பாவைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டிருப்பா. இவங்க கேக்கைத் தின்னுக்கிட்டிருப்பாங்க."

ஆர்டித் வாசலுக்கு வந்தாள். டப்பாவுக்குள் பலகை திரும்பியிருந்தது.

"ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டார் ஆர்வில்.

அவள் யோசித்தாள். "அந்தாள் கரண்டைப் புடுங்கியிருக்கக் கூடாது" என்றாள்.

ஆர்வில் தொப்பியை மாட்டிக்கொண்டார். உள்ளே மறுபடி ஒரு கரகோஷம் எழுந்தது. யாருக்கு என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேர் கூடிய கொட்டகையில் மெர்ல் ஹச்சின்ஸ் யார் என்று தானாகக் கேட்டது அந்தப் பச்சைப் பலகை ஒன்றுதான். அதுவும் ஒரு சிப் செத்த பலகை. மற்றவர்களுக்கு எல்லாச் சிப்பும் நன்றாக இருந்தும் என்ன பிரயோஜனம் என்று முனகிக்கொண்டே, மழையில் நனைந்து நின்ற தன் லாரியைப் பார்த்து நடந்தார்.